நகை கறுத்தால், பச்சை ஏறினால், வெளுத்தால்: முதலில் எதைப் பார்ப்பது?

சிதம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன நகைப் பட்டறை. பற்றவைப்பது, மெருகு போடுவது எல்லாம் மாமனார் வேலை. நகையை வாங்கிப் பார்த்து, சீட்டு எழுதி, கழுவிக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு பேராவது ஒரே குறையோடு வருவார்கள்: "போன மாசம்தான் வாங்கினேன், அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பட்டறை வேலையே தேவைப்படாது. வீட்டில் ஒரு பழக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும். மீதிப் பேரில் பலர் போட்ட இடத்துக்குப் பொருந்தாத உலோகத்தை வாங்கியிருப்பார்கள். காலில் போடுவதற்கு ஒன்று, காதில் போடுவதற்கு ஒன்று, இருபத்துநாலு மணி நேரமும் கழற்றாமல் போடுவதற்கு வேறொன்று. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு குறைக்கும் கீழே, அடுத்த முறை எதை வாங்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் நகையில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி வரிசையாகப் பாருங்கள். மெல்லிய பல்துலக்கி, வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு காந்தம், பகல் வெளிச்சம் இவ்வளவும் இருந்தால் போதும். டியூப் லைட்டில் நிறம் பார்க்காதீர்கள், ஏமாற்றும்.

## வெள்ளி கறுக்கிறது

"உடம்புச் சூடும்மா" என்பார்கள். குழந்தையின் அரைஞாண்கொடி கறுத்தால் கண் பட்டுவிட்டது என்று பாட்டிகள் பதறுவார்கள். பயப்பட எதுவும் இல்லை. வெள்ளியில் கந்தகம் பட்டால் கறுக்கும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை.

### பல மாதங்களில், எல்லா இடமும் ஒரே மாதிரி மங்குகிறது

இது குறையே அல்ல. 925 வெள்ளியில் 92.5 சதவீதம்தான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. காற்றும் வியர்வையும் பட்டால் மங்கத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரும் நல்லது. எங்கள் பட்டறையில் இன்றும் முதல் கழுவல் அதில்தான்.

அதற்கும் போகாத கறுப்பு என்றால் அலுமினியத் தாள் வைத்தியம். கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகை படும்படி வையுங்கள். சமையல் சோடா இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி போட்டு, ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். சில நிமிடத்தில் அழுகின முட்டை வாடை வரும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் விலகுகிற வாடை அது. நகை தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மிதந்துகொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

இதைச் செய்யக் கூடாத நகைகளும் உண்டு. முத்து, பவளம், ஒட்டிய கல் வைத்தவை வேண்டாம். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்கென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகையைப் போட்டால் அந்த அழகே போய்விடும். உள்ளே அரக்கு அடைத்த பழைய காப்பு, தண்டை இவற்றையும் கொதிநீரில் போடாதீர்கள். அரக்கு இளகி வெளியே வந்துவிடும். ஒரு பாட்டியம்மாவின் தண்டை அப்படி வந்தது. தகடு இரண்டு இடத்தில் உள்வாங்கி, அரக்கு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அதைச் சரி செய்ய இரண்டு நாள் பிடித்தது.

பற்பசை வேண்டாம். வெள்ளியில் மயிரிழைக் கீறல் விழும், அந்தக் கீறலில் அடுத்த அழுக்கு சீக்கிரம் ஏறும். திருநீறு பரவாயில்லை, அதுவும் எப்போதாவதுதான்.

### ஒரு வாரத்துக்குள், சில சமயம் ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது

இதற்குக் காரணம் நகையில் இருப்பது அபூர்வம், வீட்டில்தான் இருக்கும். வரிசையாகப் பாருங்கள்.

முதலில், உடம்பில் என்ன பூசினீர்கள்? முடி நீக்கும் கிரீம், கந்தகச் சோப்பு, சொறி சிரங்குக்குப் போடும் கந்தகக் களிம்பு, செலினியம் சல்பைடு உள்ள பொடுகு ஷாம்பு. இவற்றில் ஒன்று பட்டாலே போதும். பட்டாசு மருந்திலும் கந்தகம் இருக்கிறது. தீபாவளி முடிந்த வாரத்தில் கறுத்த மோதிரத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டாவது, சமையல். முட்டை, வெங்காயம், பூண்டு நிறைய புழங்கும் கையில் வெள்ளி மோதிரம் சீக்கிரம் கறுக்கும். உரித்து முடித்ததும் கையைக் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி அதன் உள்பக்கத்தையும் கழுவுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். இதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு அக்கா புது வீடு கட்டிக் குடிபோனார். அதற்கு முன் ஆறு வருடம் போட்டிருந்த அதே கொலுசு, புது வீட்டில் மூன்றே நாளில் இரும்பு மாதிரி கறுத்துவிட்டது. இரண்டு முறை கழுவிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் போர் தண்ணீரா என்று கேட்கத் தோன்றியது. "ஆமாம்மா, காலைல முதல்ல பைப்ப திறந்தா ஒரு வாடை வரும், அப்புறம் போயிடும்" என்றார். அழுகின முட்டை வாடை. தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அப்படித்தான் வாசம் வரும்.

உங்களுக்கும் தண்ணீர்மேல் சந்தேகம் இருந்தால் ஒற்றைக் கொலுசை வைத்துப் பாருங்கள். இரண்டையும் பளிச்சென்று கழுவி, ஒன்றைக் காலில் போடுங்கள். இன்னொன்றைக் குளியலறைக் குழாய்த் தண்ணீர் நிறைத்த மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். காலில் கிடந்தது மட்டும் கறுத்தால் சோப்பு, கிரீம், வியர்வை. பாட்டிலில் கிடந்ததும் கறுத்தால் தண்ணீர். அப்படியானால் பட்டறைக்கு வர வேண்டாம், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தண்ணீர் தொட்டியில் காற்றுபடக் கொட்டித் தங்கினாலே வாடை ஓரளவு குறையும். குறையாவிட்டால் வடிகட்டி போடுகிறவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

### கழுவினால் வெளுக்கிறது, இணைப்புகள் மட்டும் கறுப்பாகவே இருக்கின்றன

பற்றவைத்த இடம். பற்றுப்பொடியில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும், அதனால் அங்கே முதலில் மங்கும். அதைக் குறையென்று நினைக்க வேண்டாம். ஆனால் கறுப்போடு சேர்ந்து ஊசிமுனை அளவு குழியோ விரிசலோ தெரிந்தால் பட்டறையில் காட்டுங்கள். அடுத்து அறுவது அந்த இடத்தில்தான்.

### கழுவக் கழுவச் சிவப்பு தெரிகிறது

இங்கே இரண்டு காரணம்தான் இருக்க முடியும். டச் குறைவான வெள்ளியாக இருக்கலாம், அதாவது செம்பு அதிகம் கலந்தது. அல்லது செம்பின்மேலோ பித்தளையின்மேலோ வெள்ளி முலாம். ரசீதை எடுத்து, அதில் 925, 800 என்று ஏதாவது எண் இருக்கிறதா பாருங்கள். நகையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்ரே காட்டி என்ன உலோகம் என்று சொல்வது) உள்ள தரச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டு போங்கள். அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். எனவே, பின்பக்கம் கண்ணில் படாத ஓர் இடத்தில் லேசாக அரம் போட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முலாம் பூசிய நகை, அரம் போடாவிட்டால் சுத்த வெள்ளி என்றே பதில் சொல்லும்.

'ஜெர்மன் சில்வர்' என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும்தான். பூஜைத் தட்டுக்குச் சரி. உடம்பில் போட நான் சொல்ல மாட்டேன்.

### அடுத்த முறை வாங்கும்போது

கழுத்துக்கும் காதுக்கும் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தில் முலாம் பூசிய 925 வாங்கலாம். முலாம் நிற்கும்வரை கறுக்காது. கொலுசுக்கும் மெட்டிக்கும் ரோடியத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தரையிலும் செருப்பிலும் உரசி முதலில் தேய்வது அதுதான், அப்புறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்த இடத்துக்குச் சாதாரண 925 வாங்கி, மாதம் ஒருமுறை கழுவிப் போடுவதே நல்லது. அதைவிடச் சுத்தமான வெள்ளி இன்னும் மெதுவாகக் கறுக்கும்தான், ஆனால் மெட்டி ஒரே மாதத்தில் கோணிக்கொள்ளும். ஜெர்மேனியம் சேர்த்த அர்ஜென்டியம் என்ற வெள்ளி இருக்கிறது, இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ் உருவாக்கியது. கறுப்பதற்கு ரொம்ப நாள் பிடிக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால், பற்றவைக்கக் கொடுக்கும்போது இன்ன வெள்ளி என்று ஆசாரியிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரண வெள்ளி மாதிரி நினைத்து அனல் காட்டினால், சூடாக இருக்கும்போது விரிசல் விடக்கூடியது.

## விரலிலோ கழுத்திலோ பச்சை ஏறுகிறது

பச்சை என்றால் செம்பு. குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்புதான், இங்கே தோலில் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டால் போய்விடும், உடம்புக்குக் கெடுதல் கிடையாது.

சோப்பு தங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே சோப்பும் ஈரமும் தேங்கினால் செம்பு சீக்கிரம் கரையும். ஒரு வாரம் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றி வையுங்கள். நின்றுவிட்டால் முடிந்தது.

நிற்கவில்லையா? மோதிரத்தின் உள்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். பச்சை நின்றால் நகையின் செம்புதான் காரணம் என்று உறுதி. இது கண்டுபிடிப்பதற்கான வழிதான். சில நாளில் பூச்சு உரிந்துவிடும்.

செம்புக் காப்பு, ஐம்பொன் மோதிரம் போடுகிறவர்கள் பச்சையோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஐம்பொன்னில் பெரும் பங்கு செம்பு. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போட்டதை யாரும் கழற்றச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை புளி போட்டு விளக்கி, ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். வியர்வை அதிகம் உள்ளவர்கள் ராத்திரியில் கழற்றி வைத்தால் பாதி குறையும்.

தங்கம் என்று வாங்கியது பச்சை ஏற்றினால் மட்டும் விடாதீர்கள். முத்திரையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி என்ற ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்து பொடியாக இருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் எந்த நகை, எத்தனை காரட் என்று வரும். வளையல் என்று பதிவாகியிருக்க உங்கள் கையில் இருப்பது மோதிரமாக இருந்தால், நேராக வாங்கிய கடைக்குப் போங்கள்.

அடுத்த முறை, கழற்றாமல் போடும் மோதிரத்துக்கு 22 காரட் தங்கம் சரி, அதில் 91.6 சதவீதம் தங்கம். 18 காரட் உழைக்கும், கல் பதிக்கவும் ஏற்றது. தங்கத்துக்குக் காசு இல்லையென்றால் டைட்டேனியமோ 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலோ போடுங்கள், பச்சை ஏறவே ஏறாது. ஆனால் டைட்டேனிய மோதிரத்தை எங்கள் மாதிரிப் பட்டறையில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. அளவை இரண்டு முறை பார்த்து வாங்குங்கள்.

## கவரிங் மங்குகிறது, சிவக்கிறது, உரிகிறது

எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம். சிதம்பரம் கவரிங் கல்யாண வீடுகளில் தங்கத்துக்குப் பக்கத்தில் நின்று பேர் வாங்கியது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் கழுவும் விதம்தான்.

மங்கலாக இருக்கிறது, நிறம் மாறவில்லை. பவுடர், சென்ட், வியர்வை சேர்ந்த படலம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, பஞ்சு. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடனே காய வையுங்கள். பத்தில் ஆறு கவரிங் இதிலேயே பழையபடி ஆகிவிடும். இனி சென்ட் அடித்து, பவுடர் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நகை போடுங்கள். கழற்றும்போது நகை முதலில்.

ஓரங்களில், மேடான பூவேலையில் சிவப்பு தெரிகிறது. முலாம் தேய்ந்து செம்பு வெளியே வந்துவிட்டது. கழுவி இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் போடாதீர்கள். விளக்குக்குப் போடும் புளிதானே என்று நினைப்பார்கள். புளிப்பு, முலாமில் இருக்கும் நுண்ணிய துளை வழியாக இறங்கி அடியில் இருக்கும் செம்பை அரிக்கும். மேலே மிச்சமிருக்கும் முலாமும் தகடாக உரியும். எங்களிடம் வரும் கெட்டுப்போன கவரிங்கில் பாதி இப்படிக் கெட்டதுதான்.

சந்துகளில் பச்சைப் பொடி. ஈரத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறீர்கள். காய்ந்த பல்துலக்கியால் தட்டி எடுத்து, கழுவி, ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழே வையுங்கள். பச்சை கழுவியும் திரும்பி வந்தால் முலாம் அங்கே போய்விட்டது.

மறுமுலாம் போடுவதா, புதிது வாங்குவதா? நகையின் வேலைப்பாடு உங்களுக்குப் பிடித்ததாக, கொக்கியும் இணைப்பும் கெட்டியாக இருந்தால் முலாம் போடுங்கள். மெல்லிய தகட்டுச் சங்கிலி என்றால் வேண்டாம். முலாம் ஏற்றுவதற்கு முன் பழையதை எடுத்து மெருகு போடும்போதே தகடு பாதி தேய்ந்துவிடும். கல் வைத்ததைக் கொடுக்கும்போது கற்களை எண்ணிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: முலாம் எத்தனை மைக்ரான்? (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) 'ஒரு கிராம் தங்கம்' என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் கையில் இருக்கும் நகையில் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு அளவுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவில் வெள்ளியின்மேல் தங்க முலாம் போட்டதை 'வெர்மெயில்' என்று விற்க வேண்டுமானால் முலாம் குறைந்தது 2.5 மைக்ரான் இருக்க வேண்டும். சாதாரண ஃபேன்சி நகையில் ஒரு மைக்ரானே இருக்காது. விசேஷத்துக்கு மட்டும் போடுவது என்றால் அது போதும். தினமும் கழுத்தில் கிடக்க வேண்டும் என்றால் போதாது.

## தங்கத்தில் மாற்றம்

### பளபளப்பு போய்விட்டது

சோப்புப் படலமும் எண்ணெயும்தான். சோப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துத் துலக்குங்கள். அவ்வளவுதான்.

### சங்கிலி கிடந்த இடத்தில் கழுத்தில் கறுப்புக் கோடு

தங்கம் மட்டம் என்று சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கழுத்துக்குப் பவுடர் போடாமல் இருங்கள். பவுடரிலும் கிரீமிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு மாதிரியான கெட்டித் துகள்கள் தங்கத்தை உரசும். உரசி வந்த பொடித் தங்கம் தோலில் கறுப்பாகத் தெரியும். கோடு நின்றுவிட்டால் நகையில் குறையில்லை. பவுடரை நிறுத்தியும் நிற்காவிட்டால் காரட்டைச் சோதியுங்கள்.

### வெள்ளித் திட்டு விழுந்திருக்கிறது

இந்தத் தலைப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பக்கத்தில் வெள்ளி வளையல் உரசியிருந்தால் சாம்பல் நிறக் கீற்று விழும். பட்டறையில் மெருகுத் துணியால் துடைத்தாலே போகும். ஈயப்பற்று வைத்துப் பழுது பார்த்த இடமும் வெள்ளையாகத் தெரியும், ஆனால் அது ஓர் இடத்தோடு நிற்கும்.

இரண்டும் இல்லாமல், தங்கம் வெள்ளி மாதிரியே மாறிக்கொண்டு வந்தால் பாதரசம் பட்டிருக்கிறது. பாதரசம் தங்கத்தோடு உடனே ஒட்டிக் கலக்கும். உடைந்த பழைய தெர்மாமீட்டரைக் கூட்டிப் பெருக்கினீர்களா? வீட்டில் பாதரச லிங்கம் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் மூன்றாவது கேள்வி: முகம் வெளுக்க என்ன கிரீம் போடுகிறீர்கள்?

கல்யாணமாகி எட்டு மாதமான ஒரு பெண், தாலிக்கொடியோடு வந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குச் சங்கிலி வெள்ளையாக இருந்தது, மோதிரமும் வெள்ளை. பின்கழுத்தில் படும் பகுதி மட்டும் மஞ்சள் மாறாமல் இருந்தது. கூட வந்த மாமியார் நகையை மாற்றிவிட்டார்களோ என்று கலங்கிப்போயிருந்தார். கிரீம் எங்கெங்கே தடவினாளோ அங்கெல்லாம் வெள்ளை. டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மாமா கொடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு, "நகை இருக்கட்டும்மா, மொதல்ல டாக்டர பாருங்க" என்றார்.

அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். நகையைக் கழற்றிப் பையில் போட்டு மூடுங்கள், கிரீமை அன்றே நிறுத்துங்கள், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். டப்பாவில் மெர்க்குரி, கலோமல், மெர்க்குரஸ் குளோரைடு என்று எது எழுதியிருந்தாலும் அதேதான். எழுதாமலே விற்பதும் உண்டு.

நகையை அடுப்பில் காட்டினால் வெள்ளை போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், ஆனால் பாதரசம் ஆவியாகி வீட்டுக்குள் இருக்கும் எல்லோர் மூச்சிலும் போகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டறையில் கொடுத்தாலும் பாதரசம் பட்டது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், அனல் காட்டும் ஆசாரி அந்தப் புகைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

## வெள்ளைத் தங்கம் மஞ்சளாகிறது

மேலே பூசிய ரோடியம் தேய்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் தங்கக் கலவையின் சொந்த நிறமே லேசான மஞ்சள்தான். மோதிரத்துக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கொரு முறை மறுமுலாம் தேவைப்படும், தோட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. இந்தச் செலவு வேண்டாம் என்றால் அடுத்த முறை 950 பிளாட்டினம் வாங்குங்கள். கீறல் விழும், நிறம் மாறாது.

## காது அரிக்கிறது, சிவக்கிறது

தோடு தங்கம்தான், பில்லும் இருக்கிறது, அப்படியும் காது புண்ணாகிறது என்று வருபவர்களின் தோட்டை நான் திருப்பி, முதலில் திருகாணியைப் பார்ப்பேன். தொலைந்துபோன திருகாணிக்குப் பதில், அவசரத்துக்கு ஒரு கவரிங் திருகாணி வாங்கிப் போட்டிருப்பார்கள். தோடு தங்கமாக இருந்தும் திருகாணியில் நிக்கல் இருந்தால் காது அரிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் உங்கள் வீட்டிலேயே ஒருவராவது இருக்கலாம்.

முதலில் தோட்டையும் திருகாணியையும் கழுவிக் காய வைத்துப் பாருங்கள். துவாரத்தில் சேர்ந்த சோப்பும் அரிக்கும். அப்புறம் திருகாணியைக் காந்தத்தில் வையுங்கள். ஒட்டினால் மாற்றிவிடுங்கள். ஒட்டவில்லை என்பதால் நிக்கல் இல்லை என்று அர்த்தம் ஆகாது, ஜெர்மன் சில்வர் காந்தத்தில் ஒட்டாது. உறுதியாகத் தெரிய, டைமெதில்கிளையாக்ஸைம் என்ற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும் சோதனை இருக்கிறது. நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்க்கும் சோதனையில் உங்களுக்கு ஒவ்வாமை உண்டா என்றே தெரிந்துவிடும்.

சீழ், காய்ச்சல், காதுமடல் வீக்கம் இருந்தால் உலோக ஆராய்ச்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மேல்காதின் குருத்தெலும்பில் குத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

புதிதாகக் காது குத்தும் குழந்தைக்கு 22 காரட் தங்கம், இல்லையென்றால் உடலில் பதிக்கும் தர டைட்டேனியம். நயோபியமும் நல்லது. இந்த இரண்டு உலோகங்களிலும் மங்கல், கறுப்பு என்ற பேச்சே இல்லை.

## ஸ்டீல் நகையில் துரு

கொக்கியில் மட்டும் துரு என்றால் உள்ளே இருக்கும் சுருள்வில். கொக்கியை மாற்றினால் போதும். உடல் முழுக்கப் பழுப்புப் புள்ளி என்றால் அது 304 அல்லது அதைவிட மட்டமான ஸ்டீல். 316எல்-லில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்காற்றைத் தாங்குவது அதனால்தான். பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் மாதிரிக் கடலோரம் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். நிக்கல் ஒவ்வாமை பலமாக இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், 316எல்-லிலும் நிக்கல் உண்டு. பிவிடி முறையில் (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைப்பது) தங்க நிறம் ஏற்றிய ஸ்டீல் பல நாள் நிற்கும். கீறல் விழுந்தால் மட்டும் உள்ளூரில் சரி செய்ய ஆளில்லை.

## போடாமல் பெட்டியில் வைத்ததே கறுத்துவிட்டது

கறுப்பு எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். போன மாதம் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வந்தது. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு, மூன்று வருடம் பீரோவில் வைத்திருக்கிறார்கள். சிமிழ் முழுக்க வெள்ளை, நடுவில் ரப்பர் பேண்டு அகலத்துக்கு மை கொண்டு வரைந்த மாதிரி ஒரு கறுப்பு வளையம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றியது எழுத்துப் பக்கமாகத் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் காற்றும் ஈரமும்தான்.

ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடுங்கள். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடப் போடுங்கள், கிடைக்காவிட்டால் ஒரு சாக்பீஸ். தங்கமும் வெள்ளியும் ஒரே கவரில் வேண்டாம். வங்கி லாக்கரில் வைப்பதும் இப்படித்தான், மழைக்காலம் முடிந்து ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தச் சிமிழின் கறுப்பு வளையம் அலுமினியத் தாளில் முக்கால்வாசி போய்விட்டது. ரப்பர் ஒட்டி அரித்த மீதி, மாமா மெருகு போட்டபோதுதான் போனது.